பாடியவரின் பெயர்: கே.ஏ. குணசேகரனை எப்படி நினைவில் வைப்பது?



கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். அவருக்கு வயது 60. அதே நாளில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா என்ற ஆய்வு மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 26. ஒருவர் முழுதாக வாழ்ந்து, பாடி, எழுதி, நூற்றுக்கணக்கான மாணவர்களை உருவாக்கிவிட்டுப் போனவர். மற்றவர் எழுதத் தொடங்கும் முன்னரே போனவர். ஜனவரி 17 நமக்கு இந்த இரண்டு பெயர்களுக்கும் உரிய நாள்.

கே.ஏ.ஜி.யின் வாழ்க்கைக் குறிப்பை நீங்கள் எங்கும் படித்துக்கொள்ளலாம். கன்னிவாடியில் கூடியிருக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஒரு எழுத்தாளரை நினைவில் வைப்பது என்றால் அவருடைய புத்தகத்தைத் திரும்பப் படித்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கே.ஏ.ஜி.யின் பாதி எழுத்து காகிதத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. பாட்டில், பறையில், அரங்கில் இருந்தது. அப்படிப்பட்டவரை நினைவில் வைக்க நாம் என்ன வேலை செய்ய வேண்டும்? அதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

யார் இவர்

இளைய மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1955 மே 12 அன்று, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடிக்குப் பக்கத்திலுள்ள மாறந்தையில் பிறந்தார். வறுமையில் படித்து மேலே வந்தார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். இடதுசாரி மேடைகளில் ஒலித்த அந்தக் குரல், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் எழுந்த தலித் பண்பாட்டு எழுச்சியின் குரலாகவும் ஆயிற்று. 'பலியாடுகள்' முதலிய நாடகங்களை எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 2005இல் 'வடு' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். வெ. காதம்பரியின் மொழிபெயர்ப்பில் 2009இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

பட்டங்களையும் பதவிகளையும் தாண்டி அவரை மக்களிடம் சேர்த்தது பாட்டு. அவருடைய பெயரே தெரியாதவர்கள்கூட அவர் பாடிய பாட்டை முணுமுணுப்பார்கள். இதைப் பெருமை என்று சொல்வது வழக்கம். இதற்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாட்டு நிற்கிறது, பாடியவர் மறைகிறார்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். நினைவு என்பது தனி மனிதரின் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை. குடும்பம், சமயம், வர்க்கம் போன்ற குழுக்கள் தரும் சட்டகத்துக்குள்தான் நாம் எதையும் நினைவில் வைக்கிறோம். சட்டகம் இல்லாத நினைவு கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கன்னிவாடி பழைய பாளையப்பட்டு. பாளையக்காரர்களுக்கு வம்சாவளி எழுதப்பட்டது. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இரண்டாவது என்று கணக்கு இருந்தது. பத்திரம், பட்டா, கல்வெட்டு, மண்டகப்படி என்று ஊருக்கு நினைவு வைக்கப் பல சட்டகங்கள் உண்டு. அதே ஊரில் கேதம் சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு நடந்தவருக்கு, செத்த மாட்டைத் தூக்கியவருக்கு, சாவுக்கும் சாமிக்கும் கொட்டு அடித்தவருக்கு அந்தச் சட்டகங்களில் இடமில்லை. அவர்களுக்கு இருந்தது பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டிலும் பெயர் இல்லை.

பெயர் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 'நாட்டுப்புறப் பாடல்' என்ற சொல் எப்படிப் பயன்படுகிறது என்று கவனியுங்கள். நா. வானமாமலை போன்றவர்கள் மக்கள் பாடல்களைத் தொகுத்துப் பெரும் பணி செய்தார்கள். உழைக்கும் மக்களின் வாய்மொழி இலக்கியமாகும் என்று அவர்கள் நிலைநாட்டிய பிறகே பல்கலைக்கழகங்களில் அதற்கு இடம் கிடைத்தது. அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சொல் பரவப் பரவ, 'நாட்டுப்புறம்' என்பது கிராமம் முழுவதையும் ஒரே மந்தையாகக் காட்டத் தொடங்கியது. கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. நடவு நட்டவர் யார், வரப்பில் நின்றவர் யார், ஒப்பாரி வைத்தவர் யார், ஒப்பாரி வைக்கக் கூலிக்கு அழைத்தவர் யார் என்ற வேறுபாடு அந்தச் சொல்லுக்குள் காணாமல் போனது.

கே.ஏ.ஜி. இந்த இடத்தில்தான் கை வைத்தார். 'சேரிப்புறவியல்' என்ற சொல்லை அவர் முன்வைத்தது வெறும் சொல் விளையாட்டு அல்ல. நாட்டுப்புறக் கலைகள் என்று நாம் கொண்டாடுபவற்றில் பெரும்பகுதியை நிகழ்த்தியவர்கள் தலித் மக்கள். அப்படியானால் கலையை எடுத்துக்கொண்டு கலைஞரின் சாதி அனுபவத்தை விட்டுவிடுவது பாதி ஆய்வுதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கலையை ரசிக்கிறவர், அதைச் செய்தவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார், அவருக்கு எந்தக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நாம் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்து 'மரபுப் பாடல்' என்று எழுதிவிட்டால், அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. நாளை திரைப்படத்தில் அந்த மெட்டு வந்தாலும் கேட்க ஆளில்லை. பாடியவரின் பெயர், ஊர், நாள் எழுதப்பட்டிருந்தால் நிலைமை மாறுகிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்கு மட்டுமல்லாமல் நிகழ்த்தியவருக்கும் 50 ஆண்டு உரிமை தருகிறது. அந்த உரிமை எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உண்டு. ஆனால் பெயர் பதிவாகாத இடத்தில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒரு பாட்டின் பயணம்

'மனுசங்கடா' பாட்டை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கவிஞர் இன்குலாப். அதைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது கே.ஏ.ஜி.யின் குரல். கீழக்கரையில் பிறந்த இஸ்லாமியக் கவிஞர் ஒருவர் எழுதி, மாறந்தையில் பிறந்த தலித் பாடகர் ஒருவர் பாடி, எந்த ஊரிலோ கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற ஒருவர் தன் குரலையும் சேர்த்துக்கொண்ட பாட்டு அது. இதில் யாருடைய பெயரையும் விட்டுவிட முடியாது.

இருவரும் ஒரே ஆண்டில் போனார்கள். கே.ஏ.ஜி. 2016 ஜனவரியில், இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1இல். அடுத்த ஆண்டு இன்குலாபின் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய குடும்பத்தார் அதை ஏற்க மறுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கு ஏற்பவே இறந்த பிறகும் அவரை நினைவில் வைப்போம் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். நினைவுகூரல் பற்றி அந்தக் குடும்பம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. இறந்தவருக்கு நாம் எதைச் சூட்டினாலும் அவரால் கழற்றிப் போட முடியாது. ஆகவே எதைச் சூட்டுகிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு கூடுகிறது.

பாட்டின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. கே.ஏ.ஜி. மறைந்த அதே 2016 ஜனவரியில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருநாள்கொண்டசேரியில் ஒரு தலித் முதியவர் இறந்தார். அவருடைய உடலைப் பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்லச் சாதியினர் தடை சொன்னார்கள். குடும்பத்தார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் ஆணை பெற்றார்கள். ஆணை கையில் இருந்தும் அந்தப் பாதை கிடைக்கவில்லை. காவல்துறையே உடலை எடுத்துக்கொண்டு போய் வேறு வழியில் அடக்கம் செய்தது. இத்தகைய நிகழ்வை மையமாக வைத்து அம்ஷன் குமார் 2017இல் எடுத்த படத்தின் பெயர் 'மனுசங்கடா'. ஒரு மேடைப் பாட்டின் முதல் சொல் ஒரு தலைமுறை கழித்துப் பிணம் போகும் பாதைக்கான வழக்காக, திரைப்படமாக வந்து நிற்கிறது. பாட்டு பழசாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில்: சுடுகாட்டுப் பாதை பழசாகும்போது பாட்டும் பழசாகட்டும்.

பறை: அடிப்பதா, விடுவதா

கே.ஏ.ஜி.யைப் பற்றிப் பேசும்போது பறையைத் தவிர்க்க முடியாது. நம் இயக்கங்களுக்குள் இதைப் பற்றி நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. மாணவர்கள் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பக்கம்: பறை அடிப்பது சாதி சுமத்திய வேலை. ஆதிக்கச் சாதியில் சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். கூலி பேச முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அடி, ஊர்விலக்கு. அதனால் பல ஊர்களில் நம் முன்னோர் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். தோலைக் கிழித்தார்கள், பறையைக் கொளுத்தினார்கள். படித்து வேறு வேலைக்குப் போன பிள்ளை திரும்பவும் அந்தத் தோலைத் தொடக் கூடாது என்று நினைத்த அப்பன்மாரின் வலியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது பக்கம்: பறை நம்முடைய அறிவு. வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியுமாக எத்தனையோ அடிவகைகளை உருவாக்கிய தொழில்நுட்பம் அது. அதை இழிவு என்று விட்டுவிட்டால், இழிவு என்று சொன்னவனின் பேச்சை நாமே ஒப்புக்கொண்டதாகும். கே.ஏ.ஜி.யும் அவர் தலைமுறைக் கலைஞர்களும் இந்தப் பக்கத்தில் நின்று, சாவு வீட்டுத் தெருவிலிருந்து பறையைப் போராட்ட மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த விவாதத்தைத் தீர்க்க அம்பேத்கரின் ஒரு கருத்து உதவும். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் சொல்கிறார்: சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது. பிறப்பே வேலையைத் தீர்மானிக்கிறது, விருப்பத்துக்கு இடமில்லை. இதைப் பறைக்குப் பொருத்தினால் பிரச்சினை தோலில் இல்லை என்பது விளங்கும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இங்கே தோல் ஷாப்புகளில் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பில் இறக்கி, மயிரும் சவ்வும் நீக்கி, பதப்படுத்திய கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று நமக்குத் தெரியும். பதமான தோல் செருப்பாகி, பையாகி, கப்பலேறும்போது அதில் தீட்டு இல்லை. அதைப் பதப்படுத்தியவர் வீட்டுக்குள் வந்தால் மட்டும் தீட்டு. தோல் விற்பனைக்குப் போகும்போது கரைந்துவிடும் தீட்டு, மனிதர் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? தீட்டு தோலைப் பற்றியதாக என்றுமே இருக்கவில்லை. யார் யாருக்கு ஏவல் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது அது.

ஆகவே பறையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அடிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? கூலியைத் தீர்மானிப்பது யார்? மூன்றுக்கும் விடை அடிப்பவரின் கையில் இருந்தால் அது கலை. இல்லையென்றால், மேடையில் எவ்வளவு விளக்கு போட்டாலும் அது பழைய அடிமை வேலைதான். ஒரே ஊரில் ஒரே மாதத்தில் ஒரே மனிதர் இரண்டையும் செய்ய நேர்வதும் உண்டு. காலையில் கல்லூரி விழாவில் கைதட்டு. மாலையில் சாவு வீட்டு வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாப்பாடு. பறைக்கு மரியாதை வந்துவிட்டது என்று சொல்லும் முன் அந்த மாலையையும் பார்க்க வேண்டும்.

மாற்றம் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நம் திண்டுக்கல்லிலேயே சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, படிப்பை நிறுத்திய தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து அவர்களை மேடையேற்றியது. இனவிசையியல் அறிஞர் சோயி ஷெரினியன் அந்தப் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியைப் பெண்கள் இடுப்பில் கட்டி ஆடியபோது சாதி, பால் என்ற இரண்டு கட்டுகளும் ஒரே அடியில் அசைந்தன. மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அந்தப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். யாரும் ஏவாமல், தாமே விரும்பிக் கற்று, வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொல்லக் கூடியவர்களாக அவர்கள் நிற்பதுதான் புதியது.

வடு

கே.ஏ.ஜி.யின் தன்வரலாற்றுக்குத் தலைப்பு 'வடு'. காயத்துக்கும் வடுவுக்கும் வேறுபாடு உண்டு. காயம் வலிக்கும், வடு வலிக்காது, ஆனால் சாட்சி சொல்லும். ஆறிவிட்டதே, இன்னும் எதற்குப் பேசுகிறாய் என்று கேட்பவரிடம் வடுவைக் காட்டலாம்.

அந்தப் புத்தகத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்களைச் சொல்கிறோம். ஒன்று, இளையான்குடி. அங்கே இஸ்லாமியர்களோடு முறை சொல்லிப் பேசிப் பழக முடிந்தது என்று அவர் எழுதுகிறார். அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கிராமங்களுக்குப் போனால் முறை போய்ச் சாதி வந்துவிடும். எங்கே நடக்கலாம், எங்கே உட்காரலாம், யாரை எப்படி அழைக்கலாம் என்ற கணக்கு வந்துவிடும். ஒரே சிறுவன், ஒரே நாளில், சில மைல் இடைவெளியில் இரண்டு வேறு மனிதனாக நடக்க வேண்டியிருந்தது. சாதி இரத்தத்தில் இல்லை, இடத்துக்கு இடம் மனிதர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு என்பதை எந்தச் சமூகவியல் பாடநூலையும் விட இந்தப் பகுதி தெளிவாக விளக்குகிறது. மாமா, சின்னம்மா, அப்பத்தா என்று அழைப்பதும் அழைக்கப்படுவதும் சின்ன விஷயம் போலத் தோன்றும். யாரை முறை சொல்லி அழைக்க நமக்கு அனுமதி இல்லையோ, அவர்கள் நம்மை மனிதராக எண்ணவில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். கல்வி உதவித்தொகைக்காகச் சாதிப் பெயரைச் சொல்லி மாணவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம். அரசு கொடுக்கும் பணம் நம்முடைய உரிமை. அதை வாங்க நாற்பது பிள்ளைகள் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். உரிமையைக் கொடுக்கும் கையே அவமானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. அந்தச் சிறுவன் பேராசிரியர் ஆன பிறகு, தயங்காமல் அதை அச்சில் எழுதினார்.

இங்கேதான் ரோகித் வெமுலா திரும்ப வருகிறார். உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். அவர் இறந்த பிறகு நாட்டில் எழுந்த பெரிய விவாதங்களில் ஒன்று, அவர் தலித்தா இல்லையா என்பது. விசாரணை அறிக்கைகள் அதை எழுதின. எழுந்து நில், உன் சாதியைச் சொல் என்று ஒரு பள்ளிக்கூட வகுப்பில் கேட்ட அதே குரல், ஒரு பல்கலைக்கழக மாணவரின் சாவுக்குப் பிறகும் கேட்டது. இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் 'வடு'வை ஒரு பழைய காலத்துக் கதையாகப் படிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உங்கள் துறையில் உதவித்தொகைப் பட்டியலை எங்கே ஒட்டுகிறார்கள், பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுகிறார்கள், ஆய்வு நெறியாளர் கிடைக்க யாருக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அதுவும் வடுவின் தொடர்ச்சிதான்.

'வடு' பேச்சுமொழியில் அமைந்தது. தலித் தன்வரலாறுகளைக் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும் அதன் மொழியைப் பற்றி முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நம் வீட்டில் பேசும் பேச்சிலேயே நம் கதையை எழுதினால் அது இலக்கியமாகும் என்பதை இந்த இரண்டு நூல்களும் நிறுவிவிட்டன. மேடைக்கு வந்ததும் செந்தமிழ் தேடித் தடுமாறும் நம் தம்பி தங்கைகள் இதைத் தைரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் பலிபீடம்

நினைவுக் கூட்டங்களில் ஒரு ஆபத்து உண்டு. இறந்தவரைச் சாமியாக்கிவிடுவோம். சாமியிடம் கேள்வி கேட்க முடியாது. கே.ஏ.ஜி.யின் 'பலியாடுகள்' நாடகமே இதற்கு எதிர்ப்பாடம். தமிழில் தலித் அரங்கின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. ஆதிக்கச் சாதி தலித்தைப் பலி கேட்பதை மட்டும் அது காட்டவில்லை. ஒடுக்கப்பட்ட வீட்டுக்குள்ளேயே பெண் எப்படிப் பலியாக்கப்படுகிறாள் என்பதையும் கேள்விக்குள்ளாக்குகிறது. எதிரியை மட்டும் திட்டிவிட்டு இறங்கியிருந்தால் கைதட்டு இன்னும் பலமாகக் கிடைத்திருக்கும். அவர் தன் மக்களையும் பார்த்துக் கேட்டார்.

அதே கேள்வியை நம் அரங்குகளிடமும் கேட்போம். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று தொகுக்கப்பட்ட பாடல்களில் பெரும்பகுதி பெண்கள் பாடியவை. ஆனால் நாம் நினைவுகூரும் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர்? பாட்டு பெண்ணுடையது, மைக் ஆணுடையது என்ற நிலை நம்மிடமும் இருக்கிறது. சேரியின் பெயரை நாட்டுப்புறம் மறைத்தது போல, பெண்ணின் பெயரைச் சேரி மறைத்துவிடக் கூடாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. மராட்டியத்தில் அண்ணாபாவ் சாத்தே, வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்கள் அம்பேத்கரின் சிந்தனையை எழுத்தறியாத இலட்சக்கணக்கானவர்களிடம் கொண்டு சேர்த்தார்கள். தெலங்கானாவில் கத்தர் பாடினார். அங்கும் பெயர் நின்ற பாடகர் ஒருவருக்குப் பின்னால், கூடப் பாடியவர்களும் தோல்கருவி அடித்தவர்களும் பெயரில்லாமல் போனார்கள். பாட்டைச் சார்ந்த எந்த இயக்கமும் இந்த வேலையைத் தனியாகத் திட்டமிட்டுச் செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கன்னிவாடியில் நாம் செய்ய வேண்டியது

ஆகவே கே.ஏ.ஜி.க்கு நாம் செய்யும் நினைவாஞ்சலி ஒரு வேலைத்திட்டமாக இருக்கட்டும். ஆடம்பரமாக எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு கைபேசியும் போதும்.

கன்னிவாடியிலும் சுற்றியுள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துக் காலனிகளிலும் பாட்டுத் தெரிந்த பெரியவர்களைத் தேடிப் போவோம். பாட்டைப் பதியும் முன் பெயரைப் பதிவோம்: முழுப்பெயர், ஊர், வயது. யாரிடம் கற்றார்? அம்மாச்சியிடமா, களை எடுக்கும்போது பக்கத்து நிரையில் நின்ற அக்காவிடமா? அவர்கள் பெயரையும் எழுதுவோம். எந்த வேலையின்போது, எந்த வீட்டு வாசலில் பாடினார், கூலி என்ன கிடைத்தது என்று கேட்போம். பாட்டோடு சேர்ந்து அந்த விவரங்கள் இருந்தால்தான் அது சேரிப்புறவியல். இல்லாவிட்டால் வெறும் மெட்டு.

அனுமதி கேட்போம். சில ஒப்பாரிகளைச் சாவில்லாத வீட்டில் பாட மாட்டார்கள். சில பாட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் ஆதிக்கக்காரர்களின் பெயர் இருக்கும். அதை வெளியிட்டால் பாடியவருக்குத் தொல்லை வரலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பறைக்குக் கேட்ட அதே கேள்வி இங்கும் பொருந்தும்: மறுக்க முடியாதவரிடம் வாங்கும் பாட்டு, நாம் வாங்கினாலும் ஏவல்தான்.

பதிந்ததைத் திருப்பிக் கொடுப்போம். பாடியவர் வீட்டுக்கு ஒரு படி போக வேண்டும். பல ஆய்வாளர்கள் வந்து பதிந்துகொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பட்டம் பெற்றவர் ஒருவர், பாட்டைக் கொடுத்தவர் இன்னொருவர் என்ற நிலை நம் கையால் தொடரக் கூடாது.

அடுத்து, எழுதுவோம். இந்த அரங்கில் உள்ள மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மூத்தவர் ஒருவரின் வாழ்க்கையைப் பத்துப் பக்கம் எழுதலாம். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்தத் தோல் ஷாப்பு, எந்தத் தேநீர்க் கடை என்று இடமும் காலமும் சொல்லி எழுத வேண்டும். 'ஒரு காலத்தில் கொடுமை இருந்தது' என்ற வாக்கியத்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது. அதனால் பயனும் வராது. கே.ஏ.ஜி. ஊர்ப் பெயர்களைச் சொல்லியே எழுதினார். வடு உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் அது சாட்சி.

ஜனவரி 17 தோறும் அவர் படத்துக்கு மாலை போடலாம், தவறில்லை. அதற்கு முன்னால் அந்த ஆண்டு நாம் பதிந்த பாடகர்களின் பெயர்களை இந்த மேடையில் உரக்கப் படிப்போம். எத்தனை பெயர் சேர்ந்தது என்பதே நாம் அவரை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறோம் என்பதன் கணக்கு. வகுப்பில் நம் பிள்ளைகளைச் சாதிப் பெயர் சொல்லி எழுப்பினார்கள். இங்கே நம் பெரியவர்களைச் சொந்தப் பெயர் சொல்லி அழைப்போம். அவர்கள் எழுந்து நிற்க வேண்டாம், நாம் எழுந்து நிற்போம்.

அடுத்த ஞாயிறு காலை முதல் வீட்டுக்குப் போகிறோம். நோட்டைக் கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.